கதவைப் பார்த்துக்கொண்டவருக்கு ஒரு நன்றி மடல்

என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும், மறுபடியும் அதைக் கிளறப் போவதில்லை. பட்டாளத்தில் இருந்து வந்த என் வீட்டுக்காரர் இப்போது பரவாயில்லை. ராத்திரி தூங்குகிறார், அதனால் நானும் தூங்குகிறேன். மனசில் இந்த ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் மூச்சுப் பயிற்சி டீச்சருக்கு. இதெல்லாம் தனக்கு ஒத்துவராது என்று ஒற்றைக்காலில் நின்றவரைப் பட்டாளத்து நண்பர்கள்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். பயிற்சி முடிவில் எல்லோரையும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொல்வது வழக்கம். மற்றவர்களுக்கு அது சுகம். எந்தப் பக்கமிருந்து என்ன வரும் என்று வருஷக்கணக்காகப் பார்த்தே பழகியவருக்கு, ஆட்கள் நிறைந்த அறையில் கண்ணை மூடுவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எங்கே போனாலும் சுவரில் முதுகைக் கொடுத்து வாசலைப் பார்த்து உட்காருகிற மனுஷர் இவர். நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இதோ எழுந்து வந்துவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பொதுவாக, "கண்ணைத் திறந்து வெச்சிருந்தாலும் சரிதான், விளக்கு எரியட்டும்" என்றார். அப்புறம் தன் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "கதவை நான் பார்த்துக்கிறேன். யாராவது வந்தா சொல்றேன்." அவ்வளவுதான். சென்ட்ரி டியூட்டியில், அதாவது காவல் நிற்பதில், ஆள் மாற்றிவிடுவது என்றால் என்ன என்று பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நேரம் முடிந்ததும் மற்றவர்களைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு, தொட்டு எழுப்பாமல், கால்மாட்டில் தள்ளி நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தூங்குகிறவரைத் தோளில் கைவைத்து எழுப்பினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

டாக்டருக்கும் நன்றி. மூச்சை மெதுவாக நீளமாக விட்டால் இதயத்துடிப்பு தணியும், ஆனால் அது சிகிச்சைக்குத் துணைதான், அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னதால்தான் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டோம். எதுவும் கேட்காமல் கூடவே நடந்த நண்பர்கள், சாயங்காலமானால் தன் நாயை இவரிடம் விட்டுப்போனவர், வெடிச்சத்தம் வரப்போகிறதென்றால் முன்கூட்டியே போன் போட்ட பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் சேர்த்துத்தான். "தைரியமா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

போருக்குப் போய் வந்தவர்களின் மனசில் தங்கிவிடுகிற இந்தப் பாதிப்புக்கு முதல் உலகப் போரில் ஷெல் ஷாக் என்று பேர் வைத்தார்கள். நடுங்கியவர்களில் பலரைக் கோழை என்றும் சொன்னார்கள். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்ததே 1980இல்தான். அதுவரைக்கும் எத்தனை வீடுகளில் "பட்டாளத்துல இருந்து வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்று பேச்சை முடித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி அந்த வகுப்பு நடக்கும்போதெல்லாம் நான் வெளியே இருப்பேன். புதிதாக யாருடைய மனைவியோ அம்மாவோ மகளோ வந்து உட்கார்ந்தால் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும். டீச்சர் பேரை எழுதினால் திட்டுவார், அதனால் எழுதவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடமே கேளுங்கள்.