நிழல் பழுப்பாக இருக்கிறது என்று சொன்னவருக்கு

புதன்கிழமை ஓவிய வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும், முதலில் டீச்சருக்கு,

72 வயதில் தூரிகையைத் தொட்டவன் எதைக் காட்டினாலும் "இந்த வயசுல என்ன அழகு!" என்றுதான் பலரும் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடும். படத்தை யாரும் பார்ப்பதில்லை. டீச்சர், நீங்கள் பார்த்தீர்கள். மூன்றாவது மாதம் என் படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பி, "நிழல் எல்லாமே ஏன் பழுப்பாக இருக்கிறது?" என்று கேட்டீர்கள். நீலம்தான் தொட்டேன் என்று நான் சாதித்தேன். வண்ணத் தட்டைத் திருப்பிக் காட்டினீர்கள். நான் தொட்டிருந்தது அடர் பழுப்பு. "முதலில் கண்ணைக் காட்டுங்கள், அப்புறம் படத்தைப் பார்ப்போம்" என்றீர்கள்.

இரண்டு கண்ணிலும் புரை.

கண் டாக்டருக்கு அடுத்த நன்றி. வயதாக ஆக விழி லென்ஸ் மஞ்சளாகிறது, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்கிறது, மெல்ல மெல்ல நடப்பதால் நமக்கே தெரிவதில்லை என்று பொறுமையாக விளக்கினீர்கள். ஓவியர் மோனேவும் 1923-இல் புரைக்கு அறுவை செய்துகொண்டவர் என்று சொல்லி என் பயத்தைக் குறைத்தீர்கள். ஒரு கண் முடிந்து மற்றது பாக்கி இருந்த வாரங்களை மறக்க முடியாது. வெள்ளைத் தாளை ஒரு கண்ணால் பார்த்தால் பழைய செய்தித்தாள் நிறம். மறு கண்ணால் பார்த்தால் லேசாக நீலம் ஓடிய வெண்மை. இத்தனை மாதமாக எந்தத் தாளில் வரைந்துகொண்டிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது.

விரல் மூட்டு வலிக்குப் பயிற்சி தந்த அம்மாவுக்கும் நன்றி. தூரிகைக் காம்பில் நீங்கள் சுற்றித் தந்த ஸ்பாஞ்ச் இன்னும் இருக்கிறது. மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து கையை வீசச் சொன்னீர்கள். என் கோடுகள் நீண்டது அதனால்தான்.

வகுப்புத் தோழர்களே, முதியோர் இல்லத்தின் நடைபாதைச் சுவருக்குப் படம் வரைவோம் என்று நீங்கள் இழுத்திராவிட்டால் நான் பயிற்சித் தாள்களோடே நின்றிருப்பேன். தினமும் அந்த வழியாக நடப்பவர்கள் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரே படத்தை ஆறு முறை வரைந்தேன். அதற்கு முன் எதையும் இரண்டாவது முறை வரைந்ததில்லை.

அண்மையில் மேரி டெலானியைப் பற்றிப் படித்தேன். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். எழுபதைத் தாண்டிய பிறகு வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். சுமார் பத்தாண்டுகளில் 985 பூக்கள். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்வை மங்கியதால்தான் அவர் நிறுத்தினார். அதைப் படித்த இரவு டாக்டரையும் டீச்சரையும் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கான ஏழாவது படத்தை வரும் புதன்கிழமை கொண்டுவருகிறேன். மரத்தடி நிழலில் மூன்று நீலங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று அதிகம் என்று தோன்றுகிறது. பார்த்துச் சொல்லுங்கள், டீச்சர்.