சாஃப்ட்பால் பயிற்சிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும், மூத்த அணிப் பெண்களுக்கும், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கும், தவறாமல் வந்த தாத்தாவுக்கும் வணக்கம்.

பேஸ்பால் போன்ற ஆட்டமான நம் சாஃப்ட்பாலின் சீசன் முடிந்துவிட்டது. மட்டைகளையும் ஹெல்மெட்டுகளையும் துடைத்துப் பையில் போட்டாயிற்று. ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன், இருந்தாலும் யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று மனசு சொன்னது, அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பயிற்சியைக் கெடுப்பதில் முதல் இடம் வரிசையில் நிற்பதற்குத்தான். ஒரே ஒரு கோச் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னால், ஒருத்தி அடிப்பாள், மற்றவர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டும் இருப்பார்கள், ஒரு மணி நேரம் போனபின் கணக்குப் பார்த்தால் ஒரு பிள்ளை பந்தைத் தொட்டது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். நம் மைதானத்தில் அது நடக்காமல் பார்த்துக்கொண்டது நீங்கள்தான். வேலை முடிந்த களைப்போடு பிள்ளையை விட்டுப் போக வந்தவர்கள், "நான் எதாவது செய்யட்டுமா?" என்று கேட்டு ஆளுக்கொரு மூலையை எடுத்துக்கொண்டீர்கள். மூன்று நான்கு பேராகப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு விசில், விசில் அடித்ததும் அடுத்த மூலைக்கு ஓட்டம். பிள்ளைகளுக்குச் சலிப்பு வர நேரமே கிடைக்கவில்லை.

பந்தை நிறுத்தி வைக்கும் 'டீ' என்ற கம்பத்தில் பந்து வைத்து அடிக்கும் மூலையைப் பார்த்துக்கொண்ட அப்பாவுக்கு முதல் நன்றி. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துகள்தான், எதிரே வேலி. பந்து உடம்புக்கு நேராக இல்லாமல் முன்காலுக்கு நேராக இருக்கும்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் டீயை நகர்த்தி, உயரத்தையும் மாற்றி வைத்தார், பொறுமை என்றால் அதுதான் பொறுமை. கோன் வைத்த வட்டத்துக்குள் ஒருவர்தான், வட்டத்துக்கு வெளியே யாரும் மட்டையைத் தொடக்கூடாது, ஹெல்மெட் இல்லாமல் யாரும் அடிக்கக்கூடாது என்பதில் அவர் இம்மியும் தளரவில்லை. சீசன் முழுக்க மட்டையால் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை என்றால் அந்தக் கண்டிப்புதான் காரணம்.

தரையோடு வரும் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அம்மா, முதலில் கையுறையைக் கழற்றச் சொன்னதும் சிலர் ஆச்சரியப்பட்டீர்கள். மென்மையான பந்தை மெதுவாக உருட்டிவிட்டு, முழங்காலை மடக்கி, கீழே ஒரு கை, மேலே ஒரு கை, முதலை வாயைப் போல மூடு என்றார். வெறுங்கையில் பிடித்துப் பழகிய பிள்ளை, கையுறை போட்ட பிறகும் இரண்டு கையாலும்தான் பிடிக்கிறது. அப்புறம் கடைசி ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் (ஓடுபவர் தொட வேண்டிய இடம்) பக்கம் வேகமாக வந்த பந்தை நம் பிள்ளை உட்கார்ந்து இரண்டு கையால் அள்ளியபோது அந்த அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மூத்த அணிப் பெண்களே, உங்களைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குட்டிப் பெண்ணை நினைவிருக்கும். "பயப்படாதே" என்று உங்களில் யாருமே அவளிடம் சொல்லவில்லை. ஒருத்தி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஸ்பாஞ்சுப் பந்துகளில் மார்க்கரால் பெரிதாக எண்களை எழுதி, கைக்கெட்டும் தூரத்திலிருந்து தூக்கிப் போட்டாள். பிடிக்க வேண்டாம், எண்ணை மட்டும் சொல் என்றாள். எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் கண் திறந்திருக்க வேண்டும் அல்லவா! "நாலு... ஏழு... ரெண்டு" என்று கத்திக்கொண்டிருந்தவள், அவளுக்கே தெரியாமல் பந்தைப் பிடிக்கத் தொடங்கினாள். பிறகுதான் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தீர்கள். இந்தச் சீசனில் நான் பார்த்த மிகச் சிறந்த பயிற்சி அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பந்து வீசுவதையும் அதே மாதிரிதான் சொல்லிக்கொடுத்தீர்கள். இந்த வயதுக்குப் பொதுவாக 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, வீசும் தூரம் 35 அடி. நீங்கள் பாதித் தூரத்திலேயே ஆரம்பித்து, முதலில் மணிக்கட்டை மட்டும் சுண்டவிட்டு, அப்புறம் கையை ஆட்டவிட்டு, கடைசியில்தான் முழுச் சுற்றுக்கு வந்தீர்கள். தோள் வலிக்கிறது என்றால் உடனே நிறுத்தினீர்கள், அதற்கும் சேர்த்து நன்றி.

மழை வந்து உள்ளே ஒதுங்கிய நாளில் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது தாத்தா. 1887-இல் சிகாகோவில் ஒரு படகுக் கழகத்தின் உள்ளே, குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கழியை மட்டையாக்கி ஜார்ஜ் ஹான்காக் என்பவர் இந்த ஆட்டத்தைத் தொடங்கிய கதையைச் சொன்னார். கதை முடியும் முன்பே பிள்ளைகள் காலுறைகளைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள், அன்று முழுக்கக் காலுறைப் பந்தில்தான் எறிந்து பிடிக்கும் பயிற்சி, ஒரு கண்ணாடியும் உடையவில்லை. சாஃப்ட்பால் 1996-இல் ஒலிம்பிக்கில் நுழைந்து, 2008-க்குப் பிறகு விலக்கப்பட்டு, டோக்கியோவில் திரும்பி, மறுபடி 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் வரப்போகிறது என்றும் சொன்னார். அப்போது தங்களுக்கு எத்தனை வயது என்று உடனே விரல்களில் எண்ணிப் பார்த்தார்கள்.

மைதான அண்ணனுக்கு: ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் கோடு போட்டு, முதல் பேஸில் அந்த இரட்டை நிறப் பேஸைப் பொருத்தி வைத்தீர்கள். ஓடி வருபவர் ஆரஞ்சுப் பாதியை மிதிக்க, பிடிப்பவர் வெள்ளைப் பாதியில் நிற்க, மோதலுக்கே இடமில்லை. பேஸில் நிற்காமல் அதைத் தாண்டி ஓட வேண்டும் என்பதும் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தே பிடிபட்டது.

ஒவ்வொரு பிள்ளையும் எல்லா இடத்திலும் ஆட வேண்டும் என்று அட்டவணை போட்டு, யாரும் தொடர்ந்து இரண்டு இன்னிங்ஸ் வெளியே உட்காராமல் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் நன்றி. தண்ணீர் நிரப்பியவர்கள், பந்து பொறுக்கிய அண்ணன் தம்பிகள், எல்லோருக்கும்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களை மறக்கவில்லை. "ஓடு", "எறி", "அங்கே இல்லை, இங்கே" என்று வெளியிலிருந்து ஒரு குரலும் வரவில்லை, கைதட்டல் மட்டும் வந்தது. அடித்தாலும் தட்டினீர்கள், தவறவிட்டாலும் தட்டினீர்கள். சொந்தப் பிள்ளை ஆடும்போது வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது சாதாரண விஷயம் இல்லை. பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரத்தை எப்போதும் ஆட்டத்துக்கே விட்டபோது, வீட்டுக்கு நேரமாகிறது என்று யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

சரி, ஒரு சின்ன வேண்டுகோள். யார் வீட்டிலாவது அணியின் ஹெல்மெட்டோ கையுறையோ இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், அளவு சிறியதாகிவிட்ட சொந்தக் கையுறைகளையும் தரலாம், அடுத்த முறை புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவும். எண் எழுதிய பந்துகளில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது, மூத்த அணிப் பெண்கள் வந்து மறுபடி எழுதிக் கொடுங்கள். ஒரு மூலையை எடுத்துக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
பிள்ளைகளின் கோச்