ஆம்பிளிபயருக்கு இருக்கிற இடம் நாதஸ்வரத்துக்கும் வேண்டும்

பெருமதிப்புக்குரிய ஆலய பரிபாலன சபையினருக்கு,

வணக்கம். திருவெம்பாவைக் காலத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். விடிகாலைப் பூசையில் நாதஸ்வரம் சுருதிப் பெட்டியோடு சேரவில்லை என்று அடியார்கள் முன்னிலையிலேயே சொன்னீர்கள். சேரவில்லைதான். ஏன் என்றும் கேட்டிருக்கலாம்.

6000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில், மார்கழி இரவு முழுக்கக் கிடந்த குழலுக்குள் காற்றும் விறைத்துத்தான் இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். 10 பாகை குளிர்ந்தால் அரைச்சுரத்தில் கால்வாசிக்கு மேல் போய்விடும். சுருதிப் பெட்டிக்குக் குளிராது. ஊதி ஊதிக் குழல் சூடேறுவதற்குள் தீபாராதனையே முடிந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய பாடு சீவாளி, அதாவது குழலின் முனையில் செருகி ஊதும் நாணல் இதழ். திருவாவடுதுறையில் செய்தது, யாராவது தமிழ்நாடு போய்வந்தால்தான் கிடைக்கும். வாத்தியம் வைக்க நீங்கள் காட்டிய இடமோ மடப்பள்ளியை ஒட்டிய சாமான் அறை. பகலில் பொங்கல் ஆவி, இரவில் தகரக் கூரையிலிருந்து சொட்டும் ஈரம். நூலில் கோத்துத் தொங்கவிட்ட சீவாளிகளில் ஒன்றுகூடக் காயவில்லை. நாணல் அளவுக்கு மீறி ஊறினால் உதட்டை எப்படிப் பிடித்தாலும் மேல் ஷட்ஜமம் (மேல் ஸ) நிற்காது. இரண்டு இதழுக்கும் நடுவே பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்ததைச் செயலாளர் ஐயாவிடமே காட்டினேன். "அடுப்படியில் வைத்துக் காய வையுங்கள் தம்பி" என்றார். திடீர்ச் சூட்டில் சீவாளி நெளியும், மூச்சு ஈரத்தில் ஊறிய குழலின் ஆச்சா மரம் வெடிக்கும்.

நான் கேட்பது ஈரம் அண்டாத, பூட்டக்கூடிய ஓர் இடம். அவ்வளவுதான்.

ஒலிபெருக்கிச் சாமான்களுக்கு அப்படி ஓர் அறையே இருக்கிறது. ஆம்பிளிபயர் அலுமாரிக்குள் ஈரம் போகக் குண்டு பல்பு வேறு எரிகிறது. மணிக்கும் முரசுக்கும் மெஷின் வந்தாயிற்று. அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நாதஸ்வரத்துக்கும் ஒன்று வாங்கிவிட்டால், பனியில் தோல் தளர்ந்த தவிலின் வாரை இழுத்துக்கொண்டு நிற்பவரைப் பார்க்கும் சங்கடமும் சபைக்கு இருக்காது. மலையகப் பிள்ளைகள் இந்தக் கலைக்கு வருவதில்லை, எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட வேண்டியிருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கவலைப்படுகிறீர்களே, வந்தவனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

சரி, வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். ஒலிபெருக்கி அறையிலேயே நீளமான ஒரு தட்டு, திறப்பில் ஒரு பிரதி. விடியுமுன் வந்து ஊதிச் சூடேற்ற அது போதும். மாசித் திருவிழாவுக்கு முன் ஈரம் அண்டாத அந்த இடத்தை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆலய நாதஸ்வரக் கலைஞன்