எழுதியவர் வாசிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புத்தகத் திருவிழாக்கள் பற்றித் தங்கள் இதழ் தொடர்ந்து எழுதிவருவதால் இதைத் தங்களிடம் சொல்கிறேன். நம் நூல் வெளியீட்டு விழாக்களில் எல்லாரும் பேசுகிறார்கள். நூலை எழுதியவருக்குத்தான் நேரம் மிஞ்சுவதில்லை.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று அழைப்பிதழ் முழுக்கப் பெயர்கள். அப்புறம் பொன்னாடை, நினைவுப் பரிசு, மேடையில் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு படம். ஏற்புரைக்கு எழுத்தாளர் எழும்போது பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போயிருப்பார்கள். அவரும் வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். புத்தகத்திலிருந்து ஒரு வரிகூட யார் காதிலும் விழுந்திருக்காது.

எங்கள் ஊரில் சென்ற ஆண்டு நடந்த ஒரு சிறிய கூட்டத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்றைப் பார்த்தேன். நாவலாசிரியர் ஒருவர் தன் நாவலிலிருந்து மூன்று பக்கம் வாசித்தார். ஊரைவிட்டுக் கிளம்பும் பேரனிடம் பாட்டி, “போயேன், யாரு வேணாம்னா?” என்கிறாள். அச்சில் அது எனக்குக் கோபமாகத்தான் பட்டிருந்தது. அவர் அதைக் குரல் தாழ்த்தி, பேரனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே சொல்வதுபோல வாசித்தார். அந்த ஒரு வரியில் பாட்டி எனக்கு வேறு ஆளாகிவிட்டாள். வாசித்து முடித்ததும், நாவலைப் படித்துவிட்டு வந்திருந்த ஒரு பெரியவர், “அந்தப் பாட்டி அதற்குப் பிறகு ஏன் வாயே திறக்கவில்லை?” என்று கேட்டார். அவளுக்கென்று ஓர் அத்தியாயம் எழுதி, பிறகு தானே எடுத்துவிட்டதாக ஆசிரியர் சொன்னார். எடுத்த காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். எந்த மதிப்புரையிலும் இது கிடைக்காது.

நமக்கு இது புதிதும் இல்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சன்னதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில்தான் கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றினார் என்று இன்றும் காட்டுகிறார்கள். அரங்கேற்றம் என்றால் எழுதியவர் அவையில் பாடலைச் சொல்லிப் பொருள் விளக்க வேண்டும், தடை எழுப்பினால் விடை சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில்கூடத் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தாம் இயற்றிய தலபுராணங்களை அந்தந்த ஊரில் அரங்கேற்றியதை அவருடைய மாணவர் உ.வே.சா. ஆசையோடு எழுதியிருக்கிறார். இன்றைக்கும் கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருது விழாவில், எழுத்தாளர்கள் வாசகர்களுக்கு முன் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அமர்வுகள் நடக்கின்றன. ஆக, நம்மால் முடியாத காரியம் இல்லை.

எல்லா எழுத்தாளர்களுக்கும் மேடையில் பேச வருமா என்று கேட்பார்கள். வராது, சரி. அதனால்தான் வாசிக்கச் சொல்கிறேன். பேசக் கூச்சப்படுகிறவருக்குக் கையில் தன் புத்தகம் இருந்தால் அதுவே துணை. உரையாடல் நிறைந்த இரண்டு மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு வந்தால் போதும். பக்கத்தில் அந்த நூலை முழுதும் படித்த ஒருவர் இருந்து கேள்விகளைத் தொடங்கிவைக்கட்டும்.

மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களின் அமைப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாலை மேடையில் பட்டிமன்றமும் சொற்பொழிவும் இருக்கட்டும், அவற்றைக் கேட்கத்தான் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அதற்கு முன்னால் தினமும் அரை மணி நேரம், அந்த மாவட்டத்து எழுத்தாளர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். அவருடைய புத்தகம் எந்த அரங்கில் கிடைக்கும் என்பதையும் அப்போதே அறிவித்துவிடுங்கள்.

தாங்களும் ஓர் உதவி செய்யலாம். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் சிறப்பு விருந்தினர்களின் பெயர்களோடு, நூலாசிரியர் வாசிக்கிறாரா, எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள். அந்த நேரத்துக்கு வந்து உட்கார என்னைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்