மாட்டுத் தொட்டிக்கு அடியில் எல்லைக்கல்

காவேரிப்பட்டணம் பக்கமிருந்து,
6-7-2025

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரா மாங்காய் கொஞ்சம் இன்னும் மரத்திலேயே நிற்கிறது; இந்த விலைக்குப் பறிகூலி கொடுத்தால் கையைக் கடிக்கும்.

நீ சர்வேயராக இருந்தவன் என்பதால் ஒரு கதை சொல்கிறேன். எங்கள் ஊராட்சிக்கும் பக்கத்து ஊராட்சிக்கும் நடுவில் ஒரு ஓடை. அதன் கரையில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி, தாண்டினால் முப்பது வீட்டுக்கு மேல் இருக்கும் ஒரு தெரு. சீசன் வந்தால் கழிவுத் தண்ணீர் ஓடையில் இறங்கும். புளித்த வாடையில் சோறு இறங்காது. மனு கொடுத்தால் இவர்கள் 'அது அவங்க எல்லை' என்பார்கள், அவர்கள் 'அது இவங்க எல்லை' என்பார்கள். அதே ஃபேக்டரியிடம் சொத்து வரியும் தொழில் வரியும் வசூலிக்கும்போது மட்டும் இரண்டு பேருமே 'எங்கள் எல்லை' என்று நோட்டீஸ் அனுப்பினார்கள்!

போன மாதம் ஒருவழியாக அளக்க வந்தார்கள். இப்போது உன் காலத்துச் சங்கிலி இல்லை, கருவிதான். ஆனாலும் கல் வேண்டுமே. புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், மூன்று ஊர் சேரும் இடத்தில் ஒரு கல் காட்டியிருக்கிறது, தரையில் காணோம். மண்வெட்டியோடு அரை நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால் ஒரு வீட்டு மாட்டுத் தொட்டிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். பாசி பிடித்து, ஒரு மூலை உடைந்து, மேலே சாணி. 'எங்க மாமனார் காலத்துலேர்ந்து இங்கதான் கெடக்குது' என்றது அந்த வீட்டு அம்மா. யார் மேல் கோபப்படுவது? வேறு இரண்டு கல்லிலிருந்து அளந்துதான் இடம் பிடித்தார்கள்.

கோடு தெளிவாக வந்தது. ஃபேக்டரியும் தெருவும் பக்கத்து வருவாய் கிராமத்து சர்வே எண்ணில் இருக்கின்றன. ஆனால் தெருக்காரர்களுக்கு ஓட்டும் ரேஷனும் எங்கள் பக்கம், வீட்டு வரி ரசீதும் எங்கள் ஊராட்சி முத்திரையோடுதான். வருவாய் கிராமத்து எல்லை சர்வேயில் வந்தது, ஊராட்சி எல்லை அறிவிக்கையில் வந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அப்போது காதில் ஏறவில்லை.

ஊராட்சி எல்லையை மாற்றவேண்டுமானால் இரண்டு ஊராட்சியும் தீர்மானம் போட்டு, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் அறிவிக்கை விட வேண்டுமாம். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவர்களின் காலம் இந்த ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது. இப்போது இரண்டு ஊராட்சிக்கும் தனி அலுவலர் ஒருவரே. அவர் இந்தப் பக்கத்துக்காக எழுதி, அந்தப் பக்கத்துக்காக அவரே வாங்கிப் படித்து, அவருக்கே பதில் போட வேண்டும். அப்படியும் ஃபைல் நகரவில்லை.

எனக்கு அந்த வீடுகளைப் பக்கத்து ஊராட்சிக்கு மாற்றுவதில் உடன்பாடு இல்லை. பள்ளிக்கூடம், கடை, கோயில் எல்லாம் அவர்களுக்கு இங்கேதான். கோடு அங்கேயே கிடக்கட்டும். ஃபேக்டரி வரியை எந்த ஊராட்சி வாங்குகிறதோ அதுவே ஓடையைத் தூர்வாரவும் கழிவு இறங்காமல் பார்க்கவும் பொறுப்பேற்கட்டும். இதைச் சொன்னால், 'சார், அப்படி ஃபார்ம் இல்லையே' என்கிறார்கள்.

2004 பிப்ரவரி 9-ல் தர்மபுரி மாவட்டத்தையே இரண்டாக்கி, எங்கள் பக்கத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆக்கினார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை என்று தாலுகா தாலுகாவாகப் பிரித்ததால் பெரிய சத்தமில்லை. உங்கள் பென்னாகரம் பக்கம் 2008-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகம் எல்லையைக் கிளப்பி எவ்வளவு கூச்சல்! கடைசியில் 2013-ல் குழாயில் தண்ணீர் வந்தது. அந்த ஒகேனக்கல் குழாய்தான் எங்கள் தெரு முனையில் இருக்கிறது. திருகு உடைந்து மூன்று வாரம் ஆகிறது. அது எந்த ஊராட்சிக் குழாய் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆடிக்கு முன்னால் இரண்டு நாள் வந்து போ. கல்லைத் திரும்ப நட்டுவிட்டார்கள், சரியாக நட்டிருக்கிறார்களா என்று நீ பார்த்துச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. முட்டு போனதால் அந்த அம்மாவின் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. என்னிடம் வேறு கல் கேட்டிருக்கிறது. வரும்போது அதையும் பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் பங்காளி