நமது பச்சை எண்ணெயின் நிறம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சேரன்மகாதேவி

அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களுக்கு வணக்கம்.

கடந்த மூன்று வாரங்களாக நமது வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றி வருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். புண்ணுக்குப் போடும் நமது பச்சை எண்ணெயில், அதாவது மத்தன் தைலத்தில், சாயப்பொடி கலக்கப்படுகிறது என்று அதில் சொல்லப்படுகிறது. ஆடி மாதம் வாங்கிய குப்பியையும் ஆவணியில் வாங்கிய குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படமும் அதனுடன் வருகிறது. ஒன்று சேற்று நிறத்திலும் மற்றொன்று கிளிப்பச்சையாகவும் இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்தப் படம் உண்மையானதுதான். பேசியவர் யார் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவரும் பல ஆண்டுகள் நம்மிடம் எண்ணெய் வாங்கியவர் என்பதால் அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் நேரே கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இது ஏன் இப்படி இருக்கிறது" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அடுப்படிக்கு அழைத்துச் சென்று காட்டியிருப்போம் என்பது ஒன்றுதான் எங்கள் மனக்குறை.

சாயம் என்ற சொல் எங்களை மிகவும் வருத்திவிட்டது. என் தகப்பனார் காலத்திலிருந்து இந்த எண்ணெயில் சேர்வன மூன்றே பொருள்கள்: ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு எனப்படும் மயில்துத்தம். மத்தம் என்பது ஊமத்தைக்குப் பழைய பெயர். அதனால்தான் மத்தன் தைலம் என்கிறோம். பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு, நம் வீட்டுப் பாத்திரங்களையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் மோரையோ புளிக்கரைசலையோ ஓர் இரவு விட்டுவைத்தால் மறுநாள் விளிம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதை நம் ஆச்சிமார் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அது செம்பின் நிறம். துருசு என்பதும் செம்பின் உப்புதான், அதைக் காய்ச்சும்போது எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு செம்பு சேர்ந்து பச்சை நிறம் கொடுக்கிறது. இது ஒரு பாதி. மறு பாதி இலையில் இருக்கிறது. இலைப் பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் என்ற உலோகம் உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்தால் அந்த மக்னீசியம் கழன்றுபோய் கீரை பழுப்பாகிவிடுகிறது. ஆனால் பக்கத்தில் செம்பு இருந்தால் அது காலியான அந்த இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும், அப்படி அமைந்த பச்சை சூட்டுக்கு எளிதில் மங்காது. இலைச்சாறும் துருசும் ஒரே சட்டியில் காய்கிற எண்ணெய்க்கு வெளியிலிருந்து நிறம் கொண்டுவர வேண்டிய தேவை எப்போதும் இருந்ததில்லை.

அப்படியானால் ஆடி மாத எண்ணெய் மட்டும் ஏன் சேற்று நிறமாக இருந்தது என்று நீங்கள் கேட்பது நியாயம். நமது அடுப்படியில் 31 ஆண்டுகள் பதம் பார்த்த பெரியம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். வைகாசிக் கடைசியில் முழங்கால் வலி தாளாமல் அவர்கள் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். சிறு தீயில் சாறு சுண்டி, நுரை எழுந்து, அடியில் தங்கும் வண்டலை எடுத்து விரலிடையில் உருட்டினால் மெழுகுபோல் திரள வேண்டும். அதைத் திரியில் தோய்த்துக் கொளுத்தினால் சடசடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். தண்ணீர் நின்ற எண்ணெய் சில வாரங்களில் காறிவிடும். கடிகாரத்தைப் பாராமல் சத்தத்தைக் கேட்டே அடுப்பை அணைப்பவர்கள் அவர்கள். அவர்கள் இடத்துக்கு வந்த பையன் நல்ல பையன், உழைப்பாளி. ஆனால் வழக்கமான எவர்சில்வர் அண்டா கழுவப் போயிருந்த ஒரு நாளில், பக்கத்தில் இருந்த இரும்பு வாணலியில் எண்ணெயை ஏற்றிவிட்டான்.

துருசு கலந்த சாறு இரும்பில் பட்டால் என்ன ஆகும் என்பதை, பள்ளிக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் சொல்வார்கள். செம்பு கரைசலை விட்டு வெளியேறி ஆணியின் மேல் படியும், இரும்பு கரைசலுக்குள் இறங்கும். அன்று எண்ணெயை வடித்த பிறகு வாணலியின் அடியைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தேன். கரிக்குக் கீழே புதுக் காசு போலச் செம்பு மினுங்கியது. எண்ணெயில் இருக்க வேண்டிய செம்பு வாணலியோடு ஒட்டிக்கொண்டது, எண்ணெய் கறுத்தது. அந்தக் காய்ச்சலில் அடைத்த குப்பிகளில் சில, நான் கவனிப்பதற்கு முன்பே கடை மேசைக்கு வந்து விற்பனையாகிவிட்டன. மீதியைக் கொட்டிவிட்டோம். ஆவணியில் பழையபடி அண்டாவில் காய்ச்சியதும் நிறம் திரும்பியது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை புதிதாக ஏற்றிய சாயமாகத் தெரிந்திருக்கிறது. வேறு வேறு மாதத்துக் குப்பிகளில் சிறிது வேறுபாடு எப்போதும் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கன்னடியன் கால்வாய்க் கரையிலும் தரிசுகளிலும் பறிக்கும் ஊமத்தை இலை, சித்திரை வெயிலில் ஒரு விதமாகவும் ஐப்பசி மழையில் நீர் கோத்து வேறு விதமாகவும் இருக்கிறது. வரப்புகளில் களைக்கொல்லி அடிப்பது கூடிவிட்டதால், மருந்து படாத இடமாகத் தேடிப் பறிப்பதே இப்போது பெரிய வேலையாகிவிட்டது.

இன்னும் ஐயம் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் சொல்கிறேன். வியாழக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம், யார் வேண்டுமானாலும் வந்து இலை இடிப்பதிலிருந்து வடிப்பது வரை உடனிருந்து பார்க்கலாம். அல்லது கடையில் உள்ள எந்தக் குப்பியையும் நீங்களே எடுத்து, நீங்கள் நம்பும் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம், கட்டணம் நம்முடையது.

குரல் பதிவில் "பரம்பரை ரகசியம் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்" என்றும் ஒரு வரி வருகிறது. நாங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மத்தன் தைலம் சித்த மருத்துவர்கள் எல்லோரும் அறிந்த மருந்து, ஊருக்குப் பொதுவானது. மஞ்சளைப் புண்ணாற்றப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டபோது, நமது நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்து, இது எங்கள் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக அறிந்தது என்று சான்றுகளோடு காட்டியது, 1997-இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. மஞ்சளுக்கு உள்ள நியாயம் ஊமத்தைக்கும் உண்டு. செய்முறையைக் கேட்கும் எவருக்கும் சொல்கிறோம். ஆனால் வீட்டில் காய்ச்ச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஊமத்தை நஞ்சுள்ள செடி. சாறு பட்ட விரல் கண்ணில் பட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். துருசும் அளவு மிஞ்சினால் தோலை அரிக்கும், உள்ளே போனால் ஆபத்து. குப்பியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், எண்ணெய் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பயன்படுத்தும் முறையிலும் சில பிழைகள் நடக்கின்றன. பத்தமடையில் கோரை கிழிக்கும் கைகளும், பீடி இலை வெட்டும் கைகளும், வாழைத்தார் வெட்டும் கைகளும்தான் நமது எண்ணெய்க்கு முதல் வாடிக்கை. இவர்களுக்கு ஏற்படுவது பெரும்பாலும் மேலோட்டமான வெட்டும் சிராய்ப்பும். அதில் காப்பித்தூளையும் சுண்ணாம்பையும் அப்பிக் காயவிடுவது இன்னும் நம் வழக்கமாக இருக்கிறது. புண் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று நம்புகிறோம். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், ஈரம் காக்கப்பட்ட காயத்தின் மேல், காயவிட்ட காயத்தைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் புதுத்தோல் மூடியதைக் கண்டார். ஓரத்திலிருந்து வளர்ந்து வரும் புதுத்தோல் கெட்டியான பொருக்கின் அடியில் வழி தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது, ஈரத்தில் நேராக நகர்ந்து விடுகிறது. எண்ணெய் தடவி வெள்ளைத்துணி சுற்றும் பழைய வழக்கம் இதற்கு மாறானதன்று. செம்புக்குக் கிருமிகளை அடக்கும் தன்மை உண்டு. எண்ணெய் காயம் காயாமல் பார்த்துக்கொள்கிறது. முதலில் ஓடும் சுத்தமான நீரில் மண் போகக் கழுவி, அதன்பின் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். குழைத்துப் பூசினால் சீக்கிரம் ஆறும் என்பது இல்லை.

வரப்பில் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாகப் பூக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவதைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். வயலில் அரிவாள் பட்ட நேரத்தில் நம் பெரியவர்கள் அதைத்தான் செய்தார்கள். அது அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய செடி என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும், வந்த செடியையும் நம் மக்கள் மருந்தாக அறிந்துகொண்டார்கள். ஆயினும் வரப்பு மண்ணோடு கசக்கிய இலையைத் திறந்த காயத்தில் வைத்துக் கட்டாதீர்கள். மண்ணில் தனுர்வாத நோயின் கிருமி இருக்கும். துருப்பிடித்த ஆணியோ அரிவாளோ ஆழமாக இறங்கியிருந்தால், எந்த எண்ணெயையும் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தீக்காயம், நாய்க்கடி, பாம்புக்கடி ஆகியவற்றுக்கும் நமது எண்ணெய் உரியதன்று.

குரல் பதிவின் கடைசியில் ஒரு பெரியவரின் கால் புண் பற்றிய செய்தி வருகிறது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதும், இரண்டு மாதம் எண்ணெயை மட்டும் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் நலம் பெற மனமார வேண்டுகிறோம். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மழுங்கிவிடுவதால், செருப்பு ஆணி குத்தியதே தெரியாமல் புண் உள்ளுக்குள் பரவும். இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் எந்த மருந்தும் தனியாக வேலை செய்யாது. ஆகையால் பாதத்தில் புண் உள்ளவர்கள், பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியிலோ காட்டி, அவர்கள் சொன்னால் மட்டுமே எண்ணெய் போடுங்கள். சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நமது குப்பியில் அப்படி எழுதாமல் இருப்பது அந்தச் சட்டத்துக்காக மட்டும் அல்ல, எங்கள் மனச்சாட்சிக்காகவும்தான். இனிமேல் கடையில் எண்ணெய் கேட்பவர்களிடம், யாருக்கு, என்ன புண், சர்க்கரை உண்டா என்று கேட்டுவிட்டே கொடுப்போம். இரண்டு நிமிடம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்தபோது, கடைக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சாக்குகளையும் குப்பிப் பெட்டிகளையும் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றித் தந்தவர்கள் நீங்கள். பொங்கலுக்குள் கடை திறந்தது உங்களால்தான். கடன் சொல்லி வாங்கிய பழைய பாக்கிகளை அந்த வாரத்தில் நாங்கள் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று வாரங்களில் குரல் பதிவைக் கேட்ட பிறகும், வழக்கம்போல் வந்து, ஒன்றும் கேளாமல் குப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போன தாய்மார்களின் முகங்கள் எங்களுக்கு மறக்காது. அவர்கள் கேட்காத விளக்கத்தையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆடி மாதத் தேதி போட்ட குப்பி உங்களிடம் இருந்தால், பாதி செலவழிந்திருந்தாலும், சீட்டு இல்லாவிட்டாலும், திருப்பிக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் விலை ஏறிவிட்டதால் புதிய குப்பிகள் 75 மில்லி அளவில் வருகின்றன, விலையில் மாற்றம் இல்லை. பெரியம்மா தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நான்கு வியாழக்கிழமைகள் இருந்து பையனுக்குப் பதம் சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் கடை பதினோரு மணிக்குத்தான் திறக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்