புதிய இயக்குநர் தேர்வும் உங்கள் பங்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் அமைப்பின் இயக்குநர் இந்தக் கல்வியாண்டு முடிவில் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி இதற்குள் வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். அது உண்மைதான். கூடவே சுற்றுகிற மற்ற இரண்டும், அதாவது பள்ளியை மூடப்போகிறார்கள், குடும்ப உதவி மையத்தைத் தனியாகப் பிரிக்கப்போகிறார்கள் என்பவை, வெறும் வதந்தி. அறங்காவலர் குழுவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"இயக்குநர் மாறினால் எங்களுக்கென்ன சார், பிள்ளையோட டீச்சர் மாறாமல் இருந்தால் போதும்" என்று ஒரு தந்தை வாசலில் வைத்துச் சொன்னார். நியாயமான பேச்சு. ஆனால் டீச்சர் நிலைப்பாரா, பாதியில் கிளம்புவாரா என்பது பெரும்பாலும் இயக்குநர் கையில்தான் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வயதுப் பிள்ளை பள்ளிக்கு வந்து பழகுவது கட்டிடத்தோடு அல்ல, ஒரு ஆளோடு. முதல் வாரம் அம்மாவின் கையை விடாமல் அழுத பிள்ளை, ஒரு குறிப்பிட்ட டீச்சரின் குரல் கேட்டதும் தானாகச் செருப்பைக் கழற்றி வைக்கத் தொடங்குகிறது. அந்த டீச்சர் நடுவில் விலகிவிட்டால் பல பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பழகியிருந்த கழிவறைப் பழக்கம்கூடச் சில நாள் மறந்துபோகும். டீச்சர்கள் விலகுவதற்குச் சம்பளம் குறைவு என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அவசரத்துக்கு ஒரு நாள் லீவு போட முடியாதது, காலையிலிருந்து உட்கார ஐந்து நிமிடம் கிடைக்காதது, கஷ்டத்தைச் சொன்னால் கேட்க ஆளில்லாதது, இவைதான் நல்ல ஆசிரியர்களையும் துரத்துகின்றன. இவற்றைச் சரிசெய்வது இயக்குநரின் வேலை.

அதற்குப் பணம் வேண்டும். லாப நோக்கமில்லாத அமைப்புக்குப் பணம் வரும் வழி விசித்திரமானது. சறுக்குமரம் வாங்கித் தரவும் சுவருக்குச் சித்திரம் தீட்டித் தரவும் ஆட்கள் வருவார்கள், கண்ணுக்குத் தெரிகிற பொருள், பெயர்ப் பலகையும் வைக்கலாம். ஆசிரியர் சம்பளத்துக்குப் பணம் கேட்டால் முகம் மாறிவிடும். நன்கொடையாளர் ஒரு நோக்கத்துக்கு என்று எழுதிக் கொடுத்த பணத்தை அவர் சம்மதமில்லாமல் வேறு எதற்கும் தொடக்கூடாது, தணிக்கையில் அது நிற்காது. ஆகவே பணம் கைக்கு வருமுன்பே பேசி முடிக்க வேண்டும். நம் இயக்குநர் அப்படித்தான் செய்தார். முன்பக்கச் சுவர் முழுக்க ஓவியம் வரைந்து தர முன்வந்தவரிடம், அந்தத் தொகைக்கு மாற்று ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொள்கிறோம் என்று பேசிச் சம்மதிக்க வைத்தார். இன்று எந்த வகுப்பில் ஆசிரியர் வராவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் ஒன்று உள்ளே போய் உட்காருகிறது. சுவர் மட்டும் இன்னும் உரிந்தபடிதான் இருக்கிறது. அதைப் பற்றி உங்களில் சிலர் என்னிடம் புகார் சொல்லியிருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

அடுத்தது குடும்ப உதவி. இதைப் பள்ளியோடு ஒட்டவைத்த கூடுதல் வேலையாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் குடும்பங்கள் வாழ்ந்த அதே குடியிருப்பிலேயே அதன் பொறுப்பாளரும் தங்க வேண்டும், தாய்மார் வாரம் ஒரு முறையாவது அவரிடம் வந்து பேசலாம் என்றே விதி இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்தில், காலையில் வகுப்பு எடுத்த ஆசிரியர்களே வாரந்தோறும் பிள்ளைகளின் வீட்டுக்கும் போனார்கள். பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண்ணில் தெரிந்த ஏற்றம் சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. ஆனாலும் நாற்பது வயதில் பார்த்தபோது, அந்த முன்பள்ளிக்குப் போகாத சக பிள்ளைகளைவிட அவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் மேலே இருந்தார்கள், கைதானவர்களும் குறைவு. மொத்தமே 123 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். படிவத்தில் கையெழுத்துப் போட வந்த தாய், போட்டு முடித்த பிறகும் எழுந்து போகாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார். அங்கே "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிய வேண்டும். வேலை போனது, வாடகை பாக்கி, பிள்ளைக்குப் பேச்சு வராத கவலை, வீட்டில் அடி, எதுவும் வெளியே வரலாம். கேட்டதை எவரிடமும் சொல்லாமல் காக்க வேண்டும். ஆனால் பிள்ளைக்கு ஆபத்து என்றால் ரகசியம் என்று மறைக்க முடியாது, உரிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். அதை அந்தத் தாயிடமே நேராகச் சொல்லும் தைரியமும் வேண்டும். இயக்குநர் வேலையில் எனக்குக் கடினமாகத் தெரிவது இதுதான். நன்கொடை திரட்டுவதையாவது கற்றுக்கொண்டுவிடலாம்.

சரி, தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்காக 1965-இல் தொடங்கிய அமெரிக்காவின் ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளித் திட்டத்தில், மையங்களின் கொள்கைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் அறங்காவலர் குழு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் தேர்வுக் குழுவில் இரண்டு பெற்றோருக்கு முழு வாக்குரிமையோடு இடம் தரச் சம்மதித்திருக்கிறது. எனக்கு வாக்கு கிடையாது. வரப்போகிறவர் எனக்கு மேலதிகாரி, அவரை நானே தேர்ந்தெடுப்பது முறையாகாது.

நேர்காணலுக்கு முன் ஒவ்வொரு விண்ணப்பதாரரும் ஒரு காலைப் பொழுது முழுக்க வகுப்பில் இருக்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன், அதுவும் ஏற்கப்பட்டது. மேசைக்கு எதிரே அழகாகப் பேசுபவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பிள்ளைகள் நடுவே அவர் தரையில் உட்காருகிறாரா, ஆயாவின் பெயரைக் கேட்கிறாரா, அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு போனை எடுக்கிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நேர்காணலில் நீங்கள் எதையும் கேட்கலாம். நானாக இருந்தால் ஒன்று கேட்பேன்: அடுத்த ஆண்டு நன்கொடை பாதியாகக் குறைந்தால் முதலில் எதை நிறுத்துவீர்கள்? எதையும் நிறுத்த மாட்டேன் என்று பதில் வந்தால் கவலைப்படுங்கள்.

"நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். கணக்கு வழக்கைப் பார்க்கப் பொருளாளர் இருக்கிறார். எந்த ஆளிடம் உங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தோன்றும், எவரிடம் தோன்றாது என்பது உங்களுக்குத்தான் தெரியும். தந்தைமார், தாத்தா பாட்டியர், பிள்ளையை வளர்க்கும் உறவினர் எவர் வேண்டுமானாலும் பெயர் தரலாம். ஊழியர்களின் உறவினர்களும் விண்ணப்பதாரர்களின் உறவினர்களும் மட்டும் கூடாது. கூட்டங்கள் வேலை நேரம் முடிந்து மாலையில் நடக்கும், அதுவரை பிள்ளைகளை இங்கேயே பார்த்துக்கொள்வோம். இரண்டுக்கு மேல் பெயர்கள் வந்தால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வாக்கெடுப்பு.

பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அலுவலக வாசல் பெட்டியில் போடுங்கள். எழுத வசதிப்படாதவர்கள் வகுப்பாசிரியரிடம் வாயால் சொன்னாலும் போதும், அவர் குறித்துக்கொள்வார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்